முற்றத்தில் கலந்துபோன படங்கள்

இரவு முழுக்கப் பெய்த மழை விடியப்புறம் ஓய்ந்திருந்தது. போரால் இடம்பெயர்ந்து நாங்கள் வரணியில் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில், அம்மா பனையோலைப் பாய்களை விரித்து எங்கள் குடும்பப் படங்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

கிடுகுக் கூரை ஒழுகி தகர ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. அம்மாவின் கலியாணப் படம், என் தகப்பனான ஐயா புதுச் சைக்கிளோடு நிற்கும் படம், நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் படம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அம்மா ஒன்றை நகத்தால் நெம்பி இழுக்கப் போனார்.

"இழுக்காதையுங்கோ அக்கா. முகம் கழண்டு வந்திடும்," என்று பின்னால் குரல் கேட்டது.

அவர் யோகமக்கா. கொழும்புத்துறைக் கடற்கரையிலிருந்து கணவரோடும் மகன் தேவனோடும் எங்களைப் போல ஓடி வந்தவர். அந்த வீட்டின் மற்றப் பாதி அவர்களுக்கு. அவருடைய துணிப்பையும் நனைந்து போயிருந்தது. அதற்குள்ளும் படங்கள்தான்.

"பேசினுக்குள்ளை தண்ணி விட்டுப் போடுங்கோ. ஊறினால் தானா விடும்."

"நனைஞ்சு கிடக்கிறதை இன்னும் நனைக்கச் சொல்லுறீரே யோகம்?"

"நனைச்சுத்தான் பாருங்கோவன்."

அம்மா நனைத்துப் பார்த்தார். படங்கள் மெல்ல வழுக்கிக்கொண்டு பிரிந்தன. பிறகு இரண்டு பேருமாக ஒரே தகரப் பேசினைச் சுற்றி இருந்து, இரண்டு குடும்பத்தின் முகங்களையும் கழுவிக் கழுவிப் பாயில் போட்டார்கள். எங்கள் பாய் வேம்புப் பக்கம். அவர்களுடைய பாய் கிணற்றுப் பக்கம்.

படங்கள் பாதி காய்ந்திருந்தபோது வானத்தில் விமான இரைச்சல் கேட்டது.

எல்லோரும் முற்றத்தோரம் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். ஈர மண் மணத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தபோது அம்மா, "ஐயோ, படமெல்லாம் வெளியிலை," என்றார்.

"கிடக்கட்டும் அக்கா," என்றார் யோகமக்கா. "மேலை போறவன் எங்கடை முகங்களை ஒருக்கா வடிவாப் பார்த்துக்கொண்டு போகட்டும்."

பங்கருக்குள் அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவன் தேவன். அவனுக்கு அப்போது இருபது வயது இருக்கும்.

குண்டு வேறு எங்கோ விழுந்தது. வெளியே வந்து பார்த்தால், காற்று படங்களை முற்றம் முழுக்க வாரி இறைத்திருந்தது. வேலியில் கொஞ்சம், கிணற்றுக் கட்டில் கொஞ்சம். மறுபடியும் தூறத் தொடங்கியது. கையில் அகப்பட்டதை எல்லாரும் மடியில் பொறுக்கி எங்கள் ரங்குப் பெட்டிக்குள் கொட்டினோம். யோகமக்காவின் பை கிழிந்திருந்தது.

"பிறகு ஆறுதலாப் பிரிப்பம்," என்றார் அம்மா.

அந்த ஆறுதலான நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சேலைத் திரை

யோகமக்கா குடும்பத்தோடு எங்களுக்கு முதல் நாளே ஒட்டிவிடவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

நாங்கள் அளவெட்டியில் தோட்டம் செய்த குடும்பம். சமாதான காலமாக இருந்திருந்தால், யோகமக்கா எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்திருக்கவும் மாட்டார், அம்மா அவர் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கவும் மாட்டார். ஊர் அப்படித்தான் இருந்தது. வரணி வீட்டில் முதல் வேலையாக அம்மா ஒரு பழைய சேலையை நடுவே கட்டினார். அடுப்பும் தனித் தனி.

திரையைத் தாண்டி வந்தது மீன் குழம்பு மணம். வெள்ளிக்கிழமை நாங்கள் மீன் மச்சம் சாப்பிடுவதில்லை. இரண்டாவது வெள்ளி யோகமக்காவின் அடுப்பில் மீன் வேகவில்லை. அம்மா கேட்டதற்கு, "உங்களுக்கு விரதம், மணந்தால் கஷ்டம்தானே," என்றார். அடுத்த நாள் அம்மா திரைச் சேலையை அவிழ்த்து, தோய்த்து, உடுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரே அடுப்புத்தான்.

படங்கள் கலந்துபோன சில நாட்களில், வரணி இருந்த தென்மராட்சியிலும் இருக்க முடியாத நிலை வந்தது. ஒரு காலை வள்ளத்துக்கு இடம் கிடைத்தது என்று யோகமக்கா குடும்பம் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனது. அம்மா அந்த நேரம் பாண் வாங்கக் கடை வரிசையில் நின்றார். வழியனுப்பக்கூட முடியவில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். ரங்குப் பெட்டியும் எங்களோடு திரும்பியது.

அபி கேட்டது

பல வருடங்கள் கழிந்து, ஐயாவும் காலமாகி, நான் தபால் கந்தோரில் ஓய்வுபெற்று, அம்மாவும் நானுமாக அளவெட்டி வீட்டில் இருக்கும் காலத்துக்கு வருகிறேன்.

கனடாவில் இருக்கும் என் அண்ணை குமாரின் மகள் அபி ஒருநாள் போன் எடுத்தாள். அண்ணைக்கு அறுபது வயது வரப்போகிறது, மண்டபம் எடுத்துக் கொண்டாடப் போகிறார்கள், அவருக்குத் தெரியாமல் எல்லா வயதுப் படங்களையும் திரையில் ஓடவிட வேண்டும்.

"அப்பா பேபியா இருக்கிற படம் ஒண்டாவது வேணும் மாமி. அதிலையிருந்துதான் தொடங்கோணும்."

அண்ணை இளம் வயதிலேயே வெளிநாடு போனவர். வரணியில் எங்களோடு இருக்கவில்லை. அவருடைய சிறு வயதுப் படங்கள் எல்லாம் அந்த ரங்குப் பெட்டிக்குள்தான்.

அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தேன். பழைய தாளும் கற்பூரமும் கலந்த மணம். அதற்கு அடியில் புளித்த மாதிரி இன்னொரு மணம். படங்கள் அழியத் தொடங்கினால் வருவது. ராமபாணப் பூச்சி ஐயாவின் தோளைத் தின்று முடித்து, சைக்கிளுக்கு வந்திருந்தது.

இனி இதை இப்படியே விட முடியாது என்று தோன்றியது. ஒரு ஸ்கானர் வாங்கினேன். படிப்படியாக வேலையைப் பழகினேன். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது. பசை அல்பத்தில் ஒட்டிப்போனவற்றைத் தையல் நூலால் அறுத்து எடுப்பது. பின்பக்கத்தில் பேனாவால் எழுதாமல் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுவது. ஒவ்வொன்றையும் தனித் தாளில் சுற்றி வைப்பது. முப்பது வருடம் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்த கை, முகங்களை வீடு வாரியாகப் பிரிக்கத் தொடங்கியது.

நான் எனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். எதையும் வெட்டுவதில்லை. ஓரம் கிழிந்திருந்தாலும், பாதி கறை பிடித்திருந்தாலும், படம் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும்.

அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு ஆட்களைச் சொல்வார். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு எண்பது வயதிலும் அவருக்குப் பார்வை நல்ல துலக்கம்.

"உது உன்ரை ஐயாவின்ரை தமையன். உவ தேர்முட்டியடி மாமி. ஒரு நாளும் சிரிக்க மாட்டா, படத்திலை மட்டும் சிரிக்கிறா பார்."

நகரத்து ஸ்ரூடியோ

அந்தக் காலத்தில் படம் எடுப்பது என்றால் ஒரு பயணம். விடிய எழுந்து, தலை முழுகி, பஸ் ஏறி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகவேண்டும். நாங்கள் போகும் ஸ்ரூடியோவில் ஒரு மங்கலான கண்ணாடி இருக்கும். அதற்குக் கீழே நூலில் கட்டிய சீப்பு. பவுடர் தகரம் ஒன்று. ஊரில் எல்லோருடைய முகத்திலும் பூசப்பட்ட பவுடர் அது.

பின்னால் தொங்கும் சீலையில் யாரும் பார்த்திராத ஒரு அரண்மனைப் படிக்கட்டு. நான் அதன் முன் நின்று படம் எடுத்திருக்கிறேன். எங்கள் சந்திக் கடைக்காரரும் எடுத்திருக்கிறார். குடாநாட்டில் பாதிப்பேர் அந்தப் படிக்கட்டால் இறங்கி வந்த மாதிரித்தான் படங்களைப் பார்த்தால் தெரியும்.

குழந்தைகளுக்கு வேறு ஏற்பாடு. கறுத்தத் துணி விரித்த மேசை, பின்னால் கறுத்தத் திரை. பிள்ளையை உடுப்பில்லாமல் இருத்தி, கன்னத்தில் பெரிய பொட்டு வைத்து, ஸ்ரூடியோக்காரர் ஒரு கிலுக்கட்டியை ஆட்டுவார். பிள்ளை வியந்து பார்க்கும் அந்த நொடியில் எடுத்துவிடுவார். ஆகையால் அந்தக் காலத்துக் குழந்தைகள் எல்லாம் படத்தில் ஒரே மாதிரி வாய் திறந்து, ஒரே மாதிரி வியந்துகொண்டிருக்கும்.

அப்படி ஒரு படம் பெட்டிக்குள் கிடந்தது. கீழ்ப்பக்கம் மழைக்கறை. பின்பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை.

"தம்பி," என்றார் அம்மா உடனே. அண்ணையை அவர் தம்பி என்றுதான் சொல்வார். "பல்லு முளைக்கிற நேரம் எடுத்தது."

கறையைத் துடைத்துச் சுத்தமாக ஸ்கான் பண்ணி அபிக்கு அனுப்பலாம் என்று தனியாக எடுத்து வைத்தேன்.

வேறு வீட்டு முகங்கள்

பாதிப் பெட்டிக்குப் பிறகு எனக்குத் தெரியாத முகங்கள் வரத் தொடங்கின. மாலை போட்ட ஒரு புது வள்ளம், அதைத் தண்ணீருக்குள் தள்ளும் ஆட்கள். பெரிய சுறா ஒன்றின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி ஒரு மனிதர். கூறைச் சேலையில் வெட்கப்படும் ஒரு பெண்.

அம்மா அந்தக் கலியாணப் படத்தை நெடுநேரம் வைத்திருந்தார்.

"யோகமெல்லே இது."

"அம்மா, இதுகள் எங்களிட்டைக் கிடக்கிறது எனக்கு மறந்தே போச்சு."

"கிடக்கிறது எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தரிட்டையும் விசாரிக்கேல்லை?"

அம்மா சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்தார். "வன்னியிலை கடைசியா நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதானே பிள்ளை. விசாரிச்சால் ஒரு மறுமொழி வரும். அது என்ன மறுமொழியோ எண்டு பயம்."

நான் இரண்டு குவியலாகப் பிரித்தேன். எங்களுடையது மேசையின் இந்தப் பக்கம், யோகமக்காவுடையது அந்தப் பக்கம். வரணி முற்றத்தில் செய்ய நினைத்த வேலை அப்போதுதான் நடந்தது.

அடுத்த நாள் யோகமக்காவின் கலியாணப் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். கடற்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் காட்டினேன். ஒருத்தி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கடை யோகமக்கா," என்றாள். "தங்கச்சி வீட்டோடை இருக்கிறா. கோயிலுக்குப் பின் ஒழுங்கை."

உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியோடு வந்தவளுக்கு, வீட்டுக்குப் போகும் ஒழுங்கையே சொல்லிவிட்டார்கள்.

யோகமக்கா மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வரணி என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா இருக்கிறாவோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

கணவர் வன்னிக்குப் போன சில வருடத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். தேவன் கடைசிச் சண்டையில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனான். அங்கேயே புதைத்துவிட்டு வந்தாராம். சொல்லும்போது குரலில் ஒரு அசைவும் இல்லை. படம் எடுத்து வந்திருக்கிறேன் என்று நான் சொன்னபோதுதான் குரல் மாறியது.

"தேவன்ரை படம் இருக்குதோ பிள்ளை? என்னட்டை ஒண்டும் இல்லை. அடையாள அட்டையும் அவனோடையே போயிட்டுது. திவசத்துக்குக் குத்துவிளக்கை மட்டும் ஏத்தி வைச்சுக் கும்பிடுறன். இப்ப இப்ப அவன்ரை முகம் எனக்குச் சரியா வருகுதில்லை."

நான் பிரித்த குவியலை மனதில் ஓடவிட்டுப் பார்த்தேன். வள்ளம் தள்ளும் படத்தில் தேவன் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு.

இது தேவன்

யோகமக்கா உடனே அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றார். ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அம்மா வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்து, "என்ன யோகம், காய்ஞ்சு போனீர்," என்றார். யோகமக்கா, "நீங்கள் மட்டும் என்ன அக்கா, கொழுத்துப்போயோ நிக்கிறியள்?" என்றார். பிறகு குசினிக்குள் போய் இரண்டு பேருமாகத் தேத்தண்ணீர் வைத்தார்கள். உள்ளே இருந்து மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை.

மேசையில் தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார் யோகமக்கா. கணவரின் சுறாப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அது இவர் பிடிச்சதில்லை. ஆரோ பிடிச்சதுக்குப் பக்கத்திலை போய் நிண்டவர்." வள்ளப் படத்தில் மகனின் முதுகை விரலால் தடவினார். எல்லாம் பார்த்து முடிந்தது. இன்னும் இருக்கிறதா என்பது போல் மேசையின் இந்தப் பக்கம் பார்த்தார்.

தனியாக எடுத்து வைத்திருந்த குழந்தைப் படத்தில் அவர் கண் நின்றது. கை நீட்டி எடுத்தார்.

"இது தேவன்."

அம்மா எட்டிப் படத்தைப் பார்த்தார்.

"இல்லை யோகம்," என்றார் அம்மா மெதுவாக. "அது எங்கடை தம்பி. குமார்."

"இல்லை அக்கா. பட்டினத்து ஸ்ரூடியோவிலை நானும் இவரும் கொண்டுபோய் எடுத்தது. கறுப்புச் சீலை, கன்னத்துப் பொட்டு. இஞ்சை பாருங்கோ, அவன்ரை நெத்தி."

"நாங்களும் அங்கைதான் எடுத்தனாங்கள். எல்லாப் பிள்ளையளுக்கும் அதே சீலை, அதே பொட்டுத்தானே."

நான் நடுவில் புகுந்தேன். "நான் ரண்டு பிரதி எடுத்துத் தாறன். உங்களுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

யோகமக்கா படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து இன்னொருமுறை பார்த்தார். பிறகு அதை எங்கள் பக்கத்தில் வைத்தார். "நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அக்கா. எனக்குத்தான் ஆசை." தன் படங்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அம்மா மறித்தும் நிற்கவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தபோது

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வெயில் சாய்ந்த நேரம் என்னிடம் வந்து, "அந்தப் படத்தைக் கொம்பியூட்டரிலை பெரிசாக்கிக் காட்டு பிள்ளை," என்றார். "நான்தான் பிழையோ தெரியேல்லை. பார்ப்பம்."

ஸ்கான் பண்ணித் திரையில் பெரிதாக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். நெற்றி, வாய், பொட்டு. அதில் இருந்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. கீழே இறங்கினேன். கறை பிடித்த இடத்தில், குழந்தையின் இடுப்பருகே, துணி மடிப்பு என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்று மெல்லத் துலங்கியது.

அது ஒரு கை. திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பிள்ளை விழுந்துவிடாமல் யாரோ பிடித்திருக்கிறார்கள். மெல்லிய காப்பு ஒன்று தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. சுட்டுவிரல் நடுக்கணுவில் கோணி, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

என் அம்மாவின் சுட்டுவிரல் அப்படித்தான். குமரியாக இருக்கும்போது கிணற்றுத் துலாக் கயிற்றில் அகப்பட்டு முறிந்து, கோணலாகப் பொருந்தியது. இப்போது அந்த விரல் கதிரைக் கைப்பிடியைப் பிடித்திருந்தது.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார்.

"அண்ணைதான் அம்மா. சந்தேகமே இல்லை," என்றேன். எனக்கு ஒரு ஆறுதல். உண்மை தெரிந்துவிட்டது. பெயர் எழுதலாம், அபிக்கு அனுப்பலாம்.

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"இதிலை வெட்டிப்போட்டு யோகத்திட்டைக் குடுப்பம்."

"எதை வெட்டுறது?"

"என்ரை கையை."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கோபம் வந்தது. "அம்மா, இது அண்ணையின்ரை படம். இப்பதானே கண்ணாலை பார்த்தனீங்கள். இதைப் போய்த் தேவன் எண்டு சொல்லுறதோ?"

"தம்பிக்கு என்ன குறை? ஞாயிற்றுக்கிழமையிலை போனுக்குள்ளை வந்து நிக்கிறான். தலை நரைச்சதைப் பார்க்கிறன், தொந்தி போட்டதைப் பார்க்கிறன். அவளுக்குப் பார்க்கிறதுக்கு ஒரு முதுகுதானே கிடக்கு."

"அவ மாலை போடுவா. விளக்கு வைப்பா. அண்ணை உயிரோடை இருக்கிறார்."

இதைச் சொன்னால் அம்மா நின்றுவிடுவார் என்று நினைத்தேன். பல்லி சொன்னால் பயணத்தை ஒத்திவைக்கிற மனுசி அவர். முகத்தில் ஒரு பயம் ஓடியது உண்மைதான். ஆனால் நிற்கவில்லை.

"அதுக்குத்தானே வெட்டச் சொல்லுறன். என்ரை கை இருந்தால்தான் அது என்ரை பிள்ளை. கை இல்லாட்டி, அது ஆரும் பெத்த பிள்ளை. அவள் பெத்ததாயும் இருக்கட்டும்."

"அப்ப எங்களுக்கு ஒரு பிரதியாவது வைப்பம்."

"வேண்டாம். அங்கை அவள் அழுது கும்பிடுற படத்தை, இஞ்சையும் கனடாவிலையும் வைச்சுச் சிரிக்கேலாது. கொம்பியூட்டரிலை கிடக்கிறதையும் அழிச்சுப்போடு."

நான் வெட்ட மறுத்துவிட்டேன். அம்மாதான் வெட்டினார். அந்தக் கோணல் விரலாலேயே கத்தரிக்கோலைப் பிடித்து, இடுப்பளவில், நேராக. கீழ்த்துண்டை அடுப்புக்குள் போட்டார். நான் அழித்துவிட்டேனா என்று திரையைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

நான்தான் பிழை

மறுநாள் காலை அம்மாவும் நானும் கொழும்புத்துறைக்குப் போனோம். யோகமக்கா முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"யோகம், நான்தான் பிழை," என்றார் அம்மா. "பெரிசாக்கிப் பார்த்தம். இது உம்மடை தேவன். அடிப்பக்கம் கறை பிடிச்சுக் கிடந்தது, அதை வெட்டிப்போட்டன். குறை நினையாதையும்."

யோகமக்கா இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தருகே கொண்டுபோனார்.

"தகப்பன்ரை கண் அக்கா."

"ஓம். உரிச்சு வைச்ச மாதிரி," என்றார் அம்மா.

தங்கச்சி வீட்டு சாமி அறையில் ஒரு தட்டில் படத்தைச் சாய்த்து வைத்தார். செவ்வரத்தம்பூ ஒன்று வைத்து விளக்கு ஏற்றினார். அழுதார், ஆனால் வழிதெரியாத அழுகையாக அது இருக்கவில்லை. யாரைப் பார்த்து அழுவது என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. அம்மா பக்கத்தில் நின்று கைகூப்பினார். என் அண்ணைக்கு முன்னால் விளக்கு எரிகிறது.

திரும்பும் வழியில் அம்மா ஓட்டோவை ஒரு பிள்ளையார் கோயிலடியில் நிற்பாட்டச் சொன்னார். அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போய் ஐயரிடம், "குமார், பூரட்டாதி நட்சத்திரம்," என்றார். ஐயர் சொல்லி முடித்ததும், "இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா," என்றார்.

மண்டபத்தில்

அபி மறுபடி போன் எடுத்தாள். நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டார்.

"உன்ரை அப்பாவை அந்த வயசிலை படம் எடுக்கேலாமல் போச்சு மோனை. கமெராவைக் கண்டால் ஊரைக் கூட்டுவான். ஸ்ரூடியோக்காரன் கும்பிட்டு அனுப்பிப்போட்டான்."

பிறந்தநாள் அன்று போனில் நாங்கள் பார்த்தோம். திரையில் அண்ணை பள்ளிக்கூடக் காற்சட்டையோடுதான் தொடங்கினார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, தான் அழுத அழுகையில் ஸ்ரூடியோக்காரர் கும்பிட்ட கதையைச் சொன்னார். கிலுக்கட்டியைப் பறித்து எறிந்ததாகத் தானே ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டார். மண்டபம் சிரித்தது. அம்மாவும் சிரித்தார், அது உண்மையாகவே நடந்தது போல.

யோகமக்கா அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போனார். வெள்ளிக்கிழமை வந்தால் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார். படத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தேவனின் முகம் இப்போது மறக்கவில்லை என்று ஒரு நாள் சொன்னார். குழந்தையிலிருந்து தொடங்கிப் பார்த்தால், வளர்ந்த முகமும் தானாக வருகிறதாம்.

இந்த வருடம் மாசிப் பனியில் யோகமக்கா போய்விட்டார். நித்திரையிலேயே. செத்தவீட்டில் அவருடைய தங்கச்சி அந்தப் படத்தை, பிறகு போட்டிருந்த சட்டத்திலிருந்து கழற்றி, அவர் நெஞ்சில் பூவோடு பூவாக வைத்தார். அது அவரோடு போனது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வந்த அன்று அம்மா சொன்னார்: "இனித் தம்பிக்குச் சொல்லு. வேணுமெண்டால் பேப்பரிலை நீ எழுதுற தொடரிலையும் எழுது."

அண்ணையிடம் நான் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பேசின் தண்ணீரில் பிரித்ததில் இருந்து நெருப்போடு போனது வரைக்கும். அவர் இடையில் எதுவும் கதைக்கவில்லை. அவருடைய படத்துக்கு விளக்கு வைத்ததைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நான் நினைக்கத் தொடங்கினேன்.

"அம்மான்ரை கை தெரிஞ்சதெண்டாய்," என்றார் கடைசியில்.

"ஓம் அண்ணை."

"எப்பிடிப் பிடிச்சிருந்தவ?"

எனக்கு அது இன்னும் கண்ணுக்குள் நின்றது. "இறுக்கி," என்றேன். "விரல் ஐஞ்சும் உங்கடை இடுப்பிலை பதியிற மாதிரி."

மறுபக்கத்தில் அண்ணை மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"அவ பக்கத்திலையோ? குடு, கதைப்பம்."

நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் போனேன்.